பிரேயஸில் ஒரே ஒரு இரவு என்று போய்…

ஆகஸ்ட் 11

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து அதன் துறைமுகமான பிரேயஸுக்கு மெட்ரோவில் ஒரு மணி நேரம். 2022-இலிருந்து நீலத் தடம் நேராகத் துறைமுகம் வரை வருகிறது, நடுவில் வண்டி மாற வேண்டாம். ஏறினதிலிருந்தே அக்கா ஒரே பாட்டு: "ஏதென்ஸ்லயே தங்கியிருக்கலாம்டி. துறைமுகத்துல போய் என்னத்தப் பாக்க?" நாளைக் காலை ஏழரைக்கு நக்சோஸ் தீவுக்குக் கப்பல். விடிகாலையில் பெட்டியோடு ஓடி வருவதைவிடப் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

சாயங்காலம் கப்பலேறும் வாசலைப் பார்த்துவைத்துக்கொள்ளப் போனோம். இ1 முதல் இ12 வரை வாசல்கள், துறைமுகத்தைச் சுற்றி வளைந்து கிடக்கின்றன. எங்களுக்கு இ7, மெட்ரோவுக்கு எதிரிலேயே. ரோட்ஸ் தீவுக்குப் போகும் பையன் ஒருவன் முதுகுப் பையோடு இ7-இல் நின்று தேடிக்கொண்டிருந்தான். அவன் கப்பல் இ1-இல். நடந்தால் அரை மணி ஆகும். உள்ளே ஓடும் இலவசப் பேருந்தைக் காட்டினோம், பாய்ந்து ஏறினான். இந்த ஊரில் சீக்கிரம் வந்தால் மட்டும் போதாது, சரியான வாசலுக்கு வர வேண்டும்.

ஆகஸ்ட் 12

கப்பல் இல்லை.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. துறைமுகத் தண்ணீரும் குளம் மாதிரிதான் இருந்தது. டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் ஒரே வார்த்தை சொன்னாள்: "அபகோரெஃப்திக்கோ." கப்பல் விடத் தடை. கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்தெமி, மழையோ மேகமோ இல்லாமல் பளிச்சென்ற வெயிலில் அடிக்கிற காற்று. இங்கே தெரியாது, வெளியே தீவுகளுக்கு நடுவேதான் அதன் ஆட்டம். வேகப் படகுகளை முதலில் நிறுத்துவார்கள், காற்று ஏற ஏறப் பெரிய கப்பல்களையும்.

கிரேக்கர்கள் யாரும் சத்தம் போடவில்லை. எள்ளு ஒட்டிய கூலூரி வளையத்தைக் கடித்துக்கொண்டு, ஐஸ் போட்ட ஃப்ரெத்தோ காபியோடு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள்தான் கவுண்டருக்கும் வாசலுக்குமாக அலைந்தோம். 15-ஆம் தேதி மாதா திருநாள், ஊரே தீவுக்குக் கிளம்புகிற வாரம். 13, 14 இரண்டும் நிரம்பிவிட்டன. திருநாளன்றுதான் இடம் கிடைத்தது.

ஆகஸ்ட் 13

வேறு வழியில்லாமல் தொல்பொருள் அருங்காட்சியகம். நல்லவேளை போனோம்.

1959-இல் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியபோது கிரேக்கத் தெய்வங்களின் வெண்கலச் சிலைகள் அகப்பட்டிருக்கின்றன: ஓர் அப்பல்லோ, ஓர் அதீனா, இரண்டு ஆர்ட்டெமிஸ். கப்பலேற்றுவதற்காகக் கிடங்கில் வைத்திருந்தவை, கி.மு. 86-இல் ரோமத் தளபதி சுல்லா ஊரைக் கொளுத்தியபோது அங்கேயே புதைந்துவிட்டன என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஆக, இவையும் கப்பலைக் கோட்டைவிட்ட கூட்டம்தான்.

அப்பல்லோ ஆள் உயரம். வலது காலை ஒரு அடி முன்னால் வைத்து, இரண்டு கைகளையும் நீட்டியபடி நிற்கிறான். பச்சை பூத்த வெண்கலத்தில் தலைமுடிச் சுருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். "பாவம், இன்னும் டிக்கெட்டுக்குத்தான் கை நீட்டிட்டு நிக்கறான்" என்றாள்.

ஆகஸ்ட் 14

தடை நீங்கிவிட்டது. இரண்டு நாள் கூட்டம் ஒன்றாகக் கிளம்பியது.

கரையில் உட்கார்ந்து கப்பல்கள் கரையணைவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மாடி உயரக் கப்பல் உள்ளே வந்து, நங்கூரச் சங்கிலி கடகடவென்று இறங்க, இருந்த இடத்திலேயே சுழன்று, பின்பக்கமாகக் கரைக்கு வருகிறது. கரையைத் தொடுமுன்பே பின்கதவு பாதி இறங்கியிருக்கும். அதற்கு 'கதாபெல்திஸ்' என்று பெயராம், கல்லெறியும் போர்ப்பொறிக்கும் அதே சொல். பொருத்தம்தான்: இரும்பு தரையில் மோதிய மறு நிமிடம் லாரி, ஸ்கூட்டர், ஆள் எல்லாம் உள்ளிருந்து எறிந்தாற்போல் வெளியே வந்தன. விசில் ஊதியே ஒருவர் அத்தனையையும் ஒழுங்குபடுத்தினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி. தன் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி, அதைத் துணியில் சுற்றிக் குழந்தை போல அணைத்திருந்தார். தினோஸ் தீவுக்கு. அங்கே துறைமுகத்திலிருந்து மாதா கோயில் வரை முழங்காலிலேயே ஏறுவார்கள். வேளாங்கண்ணி மணலில் அப்படிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் தினோஸில் மேட்டுச் சாலை. பாட்டி பாவாடையைத் தட்டி, உள்ளே கட்டியிருந்த முழங்கால் பட்டையைக் காட்டிச் சிரித்தார்.

ஆகஸ்ட் 15

ஏறியாயிற்று. கீழ்த்தளத்தில் வண்டிகளுக்குப் பக்கத்தில் பெட்டி அலமாரிகள், ஒவ்வொன்றிலும் தீவின் பெயர். என் பெட்டியை நக்சோஸில் வைத்துவிட்டு மேலே வந்தேன். கரை விலகியதும் அக்கா மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பி வரும்போதும் பிரேயஸில் தங்கியிருந்த அந்த மூணாவது மாடி அறையையே கேட்டுவை என்றாள்.

அப்புறம் மெதுவாக, "பெட்டிய பாரோஸ்னு போட்டிருந்ததுல வச்சுட்டேன்டி, பரவாயில்லதானே?" என்றாள். பாரோஸ் நக்சோஸுக்கு முன்னாடி வரும். கப்பல் ஓடும்போது கீழ்த்தளக் கதவைப் பூட்டிவிடுவார்கள். இன்னும் நாலு மணி நேரம், படிக்கட்டு வாசலிலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன்.