மாலை போட்ட மூன்றாம் நாள்

சாமிக்கு மாலை போட்டு, ஒரே நாளில் குடியை நிறுத்திவிடுகிற அப்பாக்கள் காசிமேடு, வியாசர்பாடி பக்கம் நிறைய. வீடே சந்தோஷப்படும். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் குடித்தவருக்கு உயிராபத்து அந்த வாரத்தில்தான். "குடிச்சே செத்தாரு" என்கிறோமே, அதில் சில சாவுகள் குடியை நிறுத்தியதும் நடந்தவை.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஆல்கஹால் மூளையை அமுக்கும். தினமும் அவ்வளவோ மேலோ உள்ளே போனால், அந்த அமுக்கலை எதிர்த்தே மூளை வேலை செய்யப் பழகிவிடும். திடீரென்று சரக்கு நின்றால் அந்த எதிர்ப்பு மட்டும் மிஞ்சி, உடம்பு தறிகெட்டு ஓடும். பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறக்கும்வரை தாங்காமல் ப்ளாக்கில் கட்டிங் வாங்குகிறவரா? அவர் வீட்டிலேயே நிறுத்தக் கூடாது.

கடைசி குடியிலிருந்து மணியைக் கணக்கு வையுங்கள். 6 மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை ஜன்னி: காய்ச்சல், படபடப்பு, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது. செய்த தொழிலையே படுக்கையில் செய்வார்கள். போட்டில் போனவர் போர்வையை வலை மாதிரி இழுப்பார், ஆட்டோ ஓட்டியவர் ஹேண்டிலை முறுக்குவார். இதைப் பேய் என்று மந்திரிக்கக் கூட்டிப்போவதில்தான் நேரம் போகிறது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் ஸ்பூன் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். 108.

தெம்புக்கு என்று தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுவது இன்னொரு வினை. சோறில்லாமல் குடித்தவர் உடம்பில் தயமின், அதாவது பி1, காலியாக இருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் போனால் மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடும், கண் ஓரிடத்தில் நிற்காது, ஞாபகம் போகும். குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ தயமின் ஊசி போகவேண்டும். கேட்பதில் தப்பே இல்லை.

ராயபுரம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கேஷுவால்டியில் முதல் வாக்கியமே இதுதான்: "தினமும் இவ்வளவு குடிப்பாரு, கடைசியா இன்ன நேரத்துல குடிச்சாரு." மானம் போகுமென்று "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வைத்தியம் வேறு பக்கம் போய்விடும். ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், மஞ்சள் கண் இருந்தால் அதையும் சொல்லுங்கள். லிவர் நிலையைப் பார்த்து, நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயஸிபாமோ லோராசெபாமோ கொடுத்து, நாளுக்கு நாள் குறைப்பார்கள். அந்த மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். அதன் மேல் குடித்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

கடைசியாக, சாம்பாரில் தெரியாமல் கலக்கும் "குடிமறக்கும் மருந்து". அது டைசல்ஃபிராமாக, அதாவது சரக்கை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்தாக இருந்தால், சரக்கு குடித்ததும் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, பிரஷர் இறங்கி ஆளே போய்விடலாம். அந்த மருந்தை நிறுத்தி இரண்டு வாரம்வரைகூட அது உடம்பில் வேலை செய்யும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் எழுதினால் மட்டும் கொடுங்கள். ராத்திரி யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.