ரயிலிலும் படகிலும் சைக்கிள்: வேம்பநாட்டுக் காயல் பயண அனுபவம்

கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலைச் சுற்றிச் சைக்கிளில் போய்வருவதற்குப் பெரிய உடல்வலு எதுவும் தேவையில்லை. ஆலப்புழையிலிருந்து முகம்மா, அங்கிருந்து படகில் குமரகம், குமரகத்திலிருந்து சாலை வழியே வைக்கம், மறுபடியும் படகில் தவணக்கடவு, பிறகு சேர்த்தலை வழியாகக் கடலோரச் சாலையைப் பிடித்துச் செல்லானம், ஃபோர்ட் கொச்சி என்று போகும் இந்த வழியில், பாலங்களைத் தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வார இறுதியோடு ஓரிரு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டால் நிதானமாகவே முடித்துவிடலாம் என்றுதான் நானும் நண்பரும் கிளம்பினோம். எங்கள் நேரத்தையும் நிம்மதியையும் தின்றது சைக்கிளை ரயிலில் ஏற்றுகிற வேலை. இப்போது நினைத்தாலும் எரிச்சல் அடங்கவில்லை. அடுத்து இப்படிக் கிளம்புகிறவர்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் அதை விரிவாக எழுதுகிறேன்.

ரயிலில் பொருள்களை ஏற்றும் பெட்டியான பிரேக் வேனில் சைக்கிளை அனுப்ப இரண்டு வழிகள் உள்ளன. பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜ் என்று பதிவு செய்தால், அது நாம் போகும் அதே வண்டியில் நம்மோடு வர வேண்டும். பயணச்சீட்டு இல்லாமல் பார்சல் என்று பதிவு செய்தால், இடம் இருக்கிற வண்டியில் ஏற்றுவார்கள். எந்த வண்டி, எந்த நாள் என்பதற்கு உறுதி கிடையாது. ஸ்லீப்பர் பயணிக்கு 40 கிலோ வரை என்று உள்ள இலவச எடைச் சலுகை சைக்கிளுக்குப் பொருந்தாது. பயணிகள் பெட்டிக்குள் கொண்டுபோகும் பெட்டிகளுக்கும் 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்று வரம்பு இருக்கிறது. ஆகவே மடிக்க முடியாத சைக்கிள் பிரேக் வேனில்தான் போயாக வேண்டும், அதற்குத் தனியாகப் பணமும் கட்டியாக வேண்டும். இதில் எங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை. நாங்கள் கேட்டது லக்கேஜ். எங்கள் தலையில் கட்டியது பார்சல்.

வண்டி புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்னதாகப் பொருளை ஒப்படைத்தால் போதும் என்பது விதி. இரவு வண்டிக்கு நாங்கள் பொழுது சாயும் முன்பே பார்சல் அலுவலகத்துக்குப் போய்விட்டோம். சாளரத்தில் இருந்தவர் பயணச்சீட்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"சைக்கிள் எல்லாம் லக்கேஜ்ல வராது சார். பார்சல்ல போட்டுடுங்க, நாளைக்கோ நாளன்னிக்கோ வந்து சேந்துடும்."

"நாங்க இந்த வண்டியிலயேதான் சார் போறோம். டிக்கெட் இருந்தா லக்கேஜா புக் பண்ணலாமே?"

"எனக்குத் தெரியாத ரூல்ஸா? சைக்கிளுக்குப் பில் இருக்கா, அதை முதல்ல காட்டுங்க."

பில் கைப்பேசியில் இருந்தது. அச்சுப்படிதான் வேண்டும் என்றார். சாலையைக் கடந்து ஜெராக்ஸ் கடையைத் தேடிப் பிடித்து, பில்லையும் ஆதாரையும் பயணச்சீட்டையும் படியெடுத்துக்கொண்டு திரும்பியபோது வரிசை மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருந்தது. எங்கள் முறை வந்ததும், சாக்குக் கட்டாமல் எடுக்க மாட்டோம் என்றார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒருவர் படியெடுக்கப் போகும்போதே மற்றவர் கட்டும் வேலையை முடித்திருக்கலாம். வெளியே கோணியும் சணலுமாக உட்கார்ந்திருந்தவர் விரைவாகவும் நேர்த்தியாகவும் தைத்துக் கொடுத்தார். அந்த இடத்தில் எங்களுக்கு உதவிய ஒரே மனிதர் அவர்தான். மறுபடி சாளரத்துக்குப் போய் லக்கேஜ் என்று வற்புறுத்திக் கேட்டோம். மேற்பார்வையாளரைப் பாருங்கள் என்றார்கள். அவருடைய அறை பூட்டியிருந்தது. வண்டி புறப்பட ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்த நிலையில், பார்சல் ரசீதை வாங்கிக்கொள்வது அல்லது பயணத்தையே கைவிடுவது என்ற இரண்டு வழிகள்தான் எஞ்சின.

நண்பரிடம் இருந்தது 20 அங்குலச் சக்கரங்கள் கொண்ட மடிப்புச் சைக்கிள். அதை உறையில் போட்டு இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டார். பரிசோதகர் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். என் சைக்கிளை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். நடைமேடையின் கடைசியில், தள்ளுவண்டி ஒன்றின் மீது வாழைத்தார்களுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவே சாய்ந்து நின்றது. கோணியின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த சிவப்புக் கைப்பிடி உறையை வைத்து அது என்னுடையதுதான் என்று தெரிந்தது. வண்டி நகர்ந்தபோதும் அது அங்கேயே நின்றது. பணம் கட்டி ரசீது வாங்கிய பொருளைப் பின்னால் விட்டுவிட்டுப் போவதை இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கசப்பானது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பிரேக் வேனில் இடம் கிடைக்காமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. பல வண்டிகளில் அந்த இடத்தின் ஒரு பகுதியை ரயில்வே ஒப்பந்ததாரர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிடுகிறது. மிச்சமுள்ள சிறிய இடத்தில்தான் நம்மைப் போன்றவர்களின் பொருள்கள் போக வேண்டும். இது எனக்கும் தெரியும். ஆனால் பயணச்சீட்டோடு வருகிறவரின் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்ய முடியும் என்பதையே மறைப்பதற்கு அது காரணமாகாது.

கேரளத்தில் இறங்கிய நிலையத்தின் பார்சல் ஊழியர் ரசீது எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்து, "வண்டியில் கேறியிட்டில்ல, நாளை வரும்" என்று வருத்தத்தோடு சொன்னார். நண்பர் தன் சைக்கிளில் ஊரைச் சுற்றிவர, நான் விடுதி அறையில் கிடந்தேன். வைக்கத்தில் பெரியார் நினைவகத்தைப் பொறுமையாகப் பார்ப்பதற்கென்று ஒதுக்கியிருந்த நேரம் அந்தக் காத்திருப்பில் கரைந்தது. மறுநாள் சைக்கிள் வந்தபோது கோணி ஒரு பக்கம் கிழிந்து, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருந்தது. முகம்மா போகும் வழியில் இருந்த சிறிய சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, ஸ்பானரால் பிடித்து மெல்ல மெல்ல நிமிர்த்திக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்தவரிடம் வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஹேங்கர் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவத்தில் இருக்கும், வழியில் கிடைக்காது. உங்கள் சைக்கிளுக்குப் பொருந்துவது ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சக்கரங்களைக் கழற்றாதீர்கள், உருளக்கூடிய பொருளை உருட்டிப்போவார்கள், உருளாததைத் தூக்கி எறிவார்கள். பெடல்களை மட்டும் கழற்றிவிட்டு, ஹாண்டில்பாரைத் திருப்பிச் சட்டத்தோடு கட்டுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பதால் கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். சங்கிலியைப் பின்புறத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால் கியர் உள்ளொடுங்கி நிற்கும். நான் அப்படி மாற்றியிருந்ததால்தான் சேதம் ஹேங்கரோடு நின்றது என்று நினைக்கிறேன். ஒட்டிய தாள் கிழிந்துவிடும். புறப்படும் நிலையம், சேரும் நிலையம், பெயர், கைப்பேசி எண் ஆகியவற்றை வெள்ளைத் துணியில் மார்க்கர் பேனாவால் எழுதி இரண்டு பக்கமும் தைக்கச் சொல்லுங்கள். ரசீதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பை அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணத்தைச் செலுத்தாவிட்டால், பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ ரயில்வேயின் பொறுப்பு லக்கேஜுக்குக் கிலோவுக்கு 100 ரூபாயோடும் பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாயோடும் நின்றுவிடும். 15 கிலோ சைக்கிளைப் பார்சலாக அனுப்பினால் அதிகபட்சம் 750 ரூபாய்தான். விலையுயர்ந்த சைக்கிள் வைத்திருப்பவர்கள் படிவத்தில் மதிப்பை எழுதாமல் விடவே கூடாது. எந்தச் சாளரத்திலும் இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நேரத்தையும் கட்டணத்தையும் பார்ப்பதற்கு முன் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக நிற்கும் நிலையங்களில் பொதுவாகப் பிரேக் வேனில் ஏற்றுவதும் இறக்குவதும் இல்லை. தொடங்கும் நிலையத்தில் ஏறி முடியும் நிலையத்தில் இறங்கினால் இந்தக் கவலையே இருக்காது. ஆலப்புழையிலும் எர்ணாகுளத்திலும் வந்து முடியும் வண்டிகள் இருப்பதால் இந்தக் காயல் பயணத்துக்கு அது வசதி. வந்தே பாரத் வண்டிகளில் இப்படிப் பொருள் ஏற்றும் பிரேக் வேன் கிடையாது என்பதால் அவற்றை முதலிலேயே கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

படகு விஷயத்தில் எங்களுக்கு மனக்கசப்பு எதுவும் இல்லை, ஆனால் எச்சரிக்கை உண்டு. கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகுகள் மக்களின் அன்றாடப் போக்குவரத்துக்கானவை. காலையில் அலுவலகம் போகிறவர்களும் மாலையில் மாணவர்களும் நிறைந்திருக்கும்போது சைக்கிளுக்கு இடம் கேட்பது நியாயமில்லை. முகம்மா படகுத்துறைக்கு நாங்கள் சேர்ந்தது சரியாகப் பள்ளி விடும் நேரம். "இப்போ வேண்டா சேட்டா, திரக்கு கழிஞ்ஞு வா" (கூட்டம் குறைந்த பிறகு வா) என்று படகுப் பணியாளரான லஸ்கர் தடுத்துவிட்டார். இந்தத் தடத்தில்தான் 2002 ஜூலை 27 அன்று அளவுக்கு மீறி ஆள்களை ஏற்றிவந்த படகு குமரகம் அருகே கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அதை அறிந்தவர் யாரும் அந்த லஸ்கரோடு வாதாட மாட்டார்கள்.

காத்திருந்தால் இருட்டிவிடும் என்பதால் வடக்கே தண்ணீர்முக்கம் போய், காயலின் குறுக்கே உள்ள தடுப்பணைச் சாலையில் வெச்சூர் பக்கம் கடந்து, அங்கிருந்து தெற்கே திரும்பிக் குமரகம் சேர்ந்தோம். இருபது கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக மிதித்தாலும், அணையின் மேல் மாலைக் காற்றில் போனது அந்தப் பயணத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதியாகிவிட்டது. இந்த மாற்றுவழியை நண்பர் வீட்டிலேயே வரைபடத்தில் குறித்துவைத்திருந்தார். காயல் பகுதியில் படகை நம்பித் திட்டமிடுகிறவர்கள் ஒவ்வொரு கடவுக்கும் இப்படி ஒரு தரைவழியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பலத்த காற்றும் மழையும் ஆகாயத்தாமரையும் எந்தப் படகையும் நிறுத்திவிடக்கூடும்.

வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்குப் போகும் தடத்தில் 2017 முதல் ஆதித்யா என்ற சூரியசக்திப் படகு ஓடுகிறது; நாங்கள் முற்பகல் நேரத்தில் போனதால் தடையில்லாமல் கடந்துவிட்டோம். பக்கப்பைகளை முன்கூட்டியே கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு படகை ஓட்டும் சிராங்கிடம் கேட்டுவிட்டு, அவர் காட்டிய இடத்தில் சைக்கிளைக் கையால் பிடித்தபடி நின்றால் யாருக்கும் தொந்தரவில்லை. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே கார்களையே ஏற்றிக்கொண்டு போகும் ஜங்காரில் இந்தத் தயக்கம் எதுவும் தேவையில்லை. ஏறும் இரும்புப் பலகை ஈரத்தில் வழுக்கும் என்பதால் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வழியில் களைத்துப்போனால், கொச்சி மெட்ரோவில் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது எல்லாப் படிகளையும் இரண்டு செட் எடுத்து, கோணியைக் கட்டி முடித்த சைக்கிளோடு, பயணச்சீட்டின் அச்சுப்படியை மேலே வைத்து நீட்டி, "லக்கேஜ், இதே வண்டி" என்று மட்டும் சொன்னேன். அங்கிருந்த பெண் ஊழியர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எடை போட்டு, பயணச்சீட்டின் படியில் லக்கேஜ் எண்ணை எழுதி, ரசீதைக் கொடுத்துவிட்டார். வீட்டில் இருந்தபடி எத்தனையோ முறை படித்திருந்த விதி கண்ணெதிரே நடந்தது. நாங்கள் முதலில் பதிவு செய்த அலுவலகத்தில் அது நடக்காமல் போனதற்கு அங்கிருந்தவரின் அலட்சியத்தைத் தவிர வேறு எந்தக் காரணமும் இல்லை என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. பயணச்சீட்டு எண், பார்சல் ரசீது எண், சாளரத்தில் நின்ற நேரம் எல்லாவற்றையும் குறிப்பிட்டு ரயில்வே உதவி எண்ணான 139 வழியாகப் புகாரும் பதிவு செய்திருக்கிறேன்.

ஊர் வந்ததும் நேராகப் பிரேக் வேனுக்குப் போய் நின்றுவிடுங்கள். சைக்கிள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தவறுதலாக வேறு தள்ளுவண்டியில் போகாது. சேதம் ஏதாவது இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வெளிவாசலில் மறுபடியும் ரசீது கேட்பார்கள் என்பதால் அதைக் கோணியோடு சேர்த்துக் கசக்கிப் போட்டுவிடாமல் வீடு போகும் வரை சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.