தம்பியின் இடுப்பளவு

மே 11, 2025, ஞாயிறு

தம்பியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 118, ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240, ஸ்கேனில் ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு. அம்மாவால் நம்பவே முடியவில்லை. "ஒல்லியாத்தானே இருக்கான், இவனுக்கு எங்கிருந்துடி கொழுப்பு?" எடை 62 கிலோ, உயரம் 165 செ.மீ.; எடை உயரத்துக்கு ஏற்றதா என்று சொல்லும் பி.எம்.ஐ. எண் 23-ஐத் தொடவில்லை. பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்லியாக வேண்டும். கோடை விடுமுறையில் அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

மே 12, திங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் அவன் தையல் கடைக்கே போனேன். "பேன்ட் அளவு 34 தாங்க்கா" என்றான். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவனுக்கு 34 தான் வரும். டேப்பை வாங்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்தேன். வயிற்றை எக்கினான். "மூச்ச இழுக்காதடா." 37 அங்குலம். டேப்பைத் திருப்பிப் பார்த்தால் 94 செ.மீ. இந்திய ஆண்களுக்கு 90-க்குள்ளும் பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்க வேண்டும்.

மே 14, புதன்

புனே மருத்துவர் யாஜ்னிக் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளியிட்டார். அவரும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடற்கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தம்பி கதையும் இதுதான். அம்மாவிடம் படத்தைக் காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுப்புத் திசு சும்மா கிடக்கிற சேமிப்பு இல்லை. தைராய்டு மாதிரி அதுவும் ஹார்மோன் சுரக்கிற உறுப்புதான். அதில் முக்கியமானது அடிப்போனெக்டின். கல்லீரலிலும் தசையிலும் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய உதவுகிறது. வினோதம் என்னவென்றால், கொழுப்பிலிருந்தே வந்தாலும், கொழுப்பு கூடக் கூட, அதுவும் வயிற்றுக்குள் கூடும்போது, இதன் அளவு இறங்கிவிடும். தோலுக்கடியில் இடம் போதாமல் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் போர்ட்டல் சிரை என்ற ரத்தக் குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன. தம்பியின் ஸ்கேனில் தெரிந்தது அதன் விளைவு.

மே 19, திங்கள்

காட்பாடியில் வளைகாப்பு. பக்கத்து வீட்டுப் பெண், பதினேழு வயது, கொஞ்சம் பருமன். பந்தியில் அவள் இலையைப் பார்த்தே ஒருத்தி, "வாயக் கட்டுனா தானா இளைக்கும்" என்றார். அந்தப் பிள்ளை பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தாள். எனக்கு மனசே ஆறவில்லை.

அமெரிக்காவில் கோல்மன் என்ற விஞ்ஞானி, மரபுக் கோளாறால் மிகவும் பருத்த எலியை ஒரு சாதாரண எலியோடு ரத்த ஓட்டம் கலக்கும்படி ஒட்டித் தைத்தார். பருத்த எலி தீனியைக் குறைத்தது, எடை ஏறுவதும் குறைந்தது. பசியை அடக்கும் ஏதோ ஒன்று மற்ற எலியின் ரத்தத்தில் இருந்திருக்கிறது. அதற்கான மரபணுவை 1994-ல் ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது: கொழுப்பு செல்கள் சுரக்கும் லெப்டின். அது அறவே சுரக்காத மனிதர்கள் மிக அபூர்வம். அவர்களுக்கு ஊசி போட்டால் எடை இறங்குகிறது. பருமனாக இருக்கும் மற்றவர்களுக்கு லெப்டின் ஏராளமாகவே இருக்கிறது, மூளைதான் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. பட்டினி கிடந்து இளைத்தாலோ லெப்டின் சரிந்து, பசி கூடி, உடல் சக்தியைச் செலவழிப்பதும் குறைகிறது. இளைத்தவர்கள் மறுபடி பருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வாயைக் கட்டச் சொல்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும்.

மே 25, ஞாயிறு

"அந்த அடிப்போனெக்டின மாத்திரையா தரமாட்டாங்களாக்கா?" என்று தம்பி கேட்டான். தர வழியில்லை. தொப்பை குறைந்தால் அது தானாகக் கூடும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கோட்டை மைதானத்தில் நடக்கிறான். வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். ஆம்பூர் பிரியாணியை நிறுத்தச் சொல்லவில்லை. சோற்றைப் பாதியாக்கி, கத்தரிக்காயையும் கறியையும் கூட்டிக்கொள்ளச் சொன்னேன். ஆற்காடு மக்கன் பேடாவை மட்டும் வீட்டுக்கு வாங்கி வராதே என்றேன், அம்மாவுக்கு அதில்தான் வருத்தம்.

ஆகஸ்டில் அவனுக்கு மறுபடி பரிசோதனை. அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்துப் பேச வேண்டும். திட்டாமல், தைராய்டும் சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்ல வேண்டும்.