பற்றாசு இல்லாமல் ஒரு பதக்கம்

ஏழு வாரமாக ஒரே ஒரு கழுத்தணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். செம்புக் கம்பியும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு செம்புத் தகடும்தான் பொருள். இன்னும் முடியவில்லை. ஆனால் எங்கே சிக்கினேன், எப்படி வெளியே வந்தேன் என்று மறப்பதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும்.

ஆரம்பத்தில் செய்ய நினைத்தது ஓர் இலை. ஆண்ட்ரூ கிரிமாவின் (1921–2007) நகைகளைப் படங்களில் பார்த்ததிலிருந்தே அந்த ஆசை. பொறியியல் பின்னணியிலிருந்து நகைக்கு வந்தவர். நிஜ இலை, மரப்பட்டை, பென்சில் சீவல் என்று கையில் கிடைத்ததையே அச்சாக்கித் தங்கத்தில் வார்த்தவர். இலையைச் சுற்றி அச்சுக் கலவையை ஊற்றிச் சூளையில் வைத்தால் இலை எரிந்துபோகும். அது இருந்த வெற்றிடத்தில் உலோகம் புகுந்துகொள்ளும். பூச்சி அரித்த ஓட்டை வரைக்கும் அப்படியே வந்துவிடும்.

என்னிடம் சூளை இல்லை. 0.6 மி.மீ. தகட்டில் இலை வடிவத்தை அறுத்தேன், உளியால் நரம்பு கீறினேன், இரண்டு வாரம் போனது. முடித்துப் பார்த்தால் சிறுபிள்ளைப் பாடநூலில் இருக்கும் இலை மாதிரி இருந்தது. எந்தச் செடியின் இலை என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. மனசில் இருந்த இலையைத்தான் வரைந்திருக்கிறேன், எந்த இலையையும் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

அப்புறம் கண்ணில் பட்டது வெள்ளரிக் கொடியின் சுருள். தாவரவியலில் அதற்குப் பற்றுக்கம்பி என்று பெயர். எவ்வளவு சரியான சொல்! நான் கம்பியைப் பற்றவைக்கத் திணறிக்கொண்டிருக்கிறேன், அந்தக் கொடியோ கம்பியையே பற்றாக வைத்திருக்கிறது. கொடி காய்ந்த பிறகும் சுருள் விடவில்லை. ஒரு துண்டை வெட்டி எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டேன்.

முதல் முயற்சியில் வழக்கம்போல் வெண்காரம் தடவி, பற்றாசு (உருகி இரண்டு உலோகத் துண்டுகளை ஒட்டவைக்கும் உலோகம்) வைத்து, நெருப்பைக் காட்டினேன். கம்பியைச் சேர்க்க வேண்டிய தடித்த வளையம் சூடேறுவதற்குள் 0.8 மி.மீ. கம்பி நுனி உருகி உருண்டையாகிவிட்டது. மூன்று தடவை இதே கதை. பற்றிய ஒரு முறையும் கம்பி முழுக்கச் சூடாகி இளகியதால் சுருளில் துள்ளலே போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் அலெக்சாண்டர் கால்டரின் (1898–1976) நகைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்தரத்தில் ஆடும் சிற்பங்களுக்குப் பேர்போனவர் அவர், ஆனால் வாழ்நாளில் ஏறத்தாழ 1,800 நகைகளும் செய்திருக்கிறார். சிறுவனாக இருந்தபோது தெருவில் கிடந்த செம்புக் கம்பியைப் பொறுக்கி அக்காவின் பொம்மைகளுக்கு நகை செய்து போட்டவர். பெரியவரான பிறகும் கையில் சுத்தியலும் குறடும்தான். பற்றாசு வைப்பது அபூர்வம். கம்பியைத் தட்டுவார், வளைப்பார், ஒன்றை ஒன்றில் கோத்துச் சுற்றுவார், தேவைப்பட்டால் ரிவெட் ஆணி அடிப்பார். மூட்டுகளை எங்கும் மறைக்கவில்லை. மூட்டே நகையின் அழகாகிவிடுகிறது.

சரி, நெருப்பை அணைத்தேன்.

கம்பி நுனியை மட்டும் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கிக்கொண்டேன். வளையத்தைச் சுற்றி மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றையும் முந்தையதோடு நெருக்கி, கடைசி நுனியைக் குறட்டால் அழுத்தினேன். சுற்றச் சுற்றச் செம்பு தானே இறுகுகிறது. மூன்றாவது சுற்றுக்கே விரல் வலித்தது. நுனியை அரத்தால் உருட்டி வழித்த பிறகு துணியில் மாட்டவில்லை. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

அடுத்தது சுருள். 4 மி.மீ. எஃகுக் கோலில் 1 மி.மீ. கம்பியைப் பதினெட்டுச் சுற்று சுற்றி, கீழே பதக்கத்தைத் தொங்கவிட்டேன். ஒரு தொல்லை. பதக்கம் லேசாக இழுபட்டாலே சுருள் பிரிந்து முகம் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது. கண்ணாடி முன் நின்று எத்தனை முறை திருத்தினாலும் இதேதான். மேசை மேல் இருந்த வெள்ளரிச் சுருளை அன்றைக்குத்தான் உருப்பெருக்கியில் வைத்து நிதானமாக எண்ணினேன். ஐந்து சுற்று வலமாகப் போகிறது. நடுவில் கொஞ்சம் நேராக ஒரு துண்டு. அதன் பிறகு ஐந்து சுற்று இடமாக!

சார்லஸ் டார்வின் 1865-இல் ஏறுகொடிகளைப் பற்றி எழுதியபோதே இதை விளக்கியிருக்கிறார். ஒரு முனை செடியிலும் மறுமுனை கொம்பிலும் பிடிபட்ட பிறகு, முறுக்கு வெளியேற வழியில்லை. அதனால் பாதி ஒரு பக்கமும் பாதி எதிர்ப்பக்கமும் சுருண்டு கணக்கு நேராகிறது. என் பதக்கத்துக்கும் இதே கணக்குதான் வேண்டியிருந்தது.

ஒன்பது சுற்று வலம், சட்டென்று மடக்கி ஒன்பது சுற்று இடம் என்று சுற்றினேன். மடக்கிய இடத்தில் கம்பி விரிசல் விட்டது. அந்த இடத்தை மட்டும் காய்ச்சலாம் என்று பார்த்தால், செம்பு சூட்டை வேகமாகக் கடத்துவதால் பக்கத்துச் சுற்றுகளும் இளகித் தொய்ந்தன. கடைசியில் கொடி செய்ததையே செய்தேன்: மடக்காமல், நடுவில் 12 மி.மீ. நேராக விட்டு, அதன் பிறகு மெல்லத் திசையை மாற்றினேன். காய்ச்சவே தேவைப்படவில்லை. இழுத்தேன், விட்டேன். பதக்கத்தின் முகம் நேராகவே நின்றது. இரண்டு கையும் நடுங்கின என்றால் நம்புவீர்களா?

இத்தாலிய நகை வடிவமைப்பாளர் எல்சா பெரெட்டியின் எலும்புக் காப்பு ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று இப்போது புரிகிறது. சின்ன வயதில் ரோமில் ஒரு கல்லறை மாடத்தில் பார்த்த எலும்புகள் அவர் மனதில் தங்கிவிட்டன. ஆனால் காப்பில் எலும்பின் படம் எங்கும் இல்லை. நம் மணிக்கட்டு எலும்பு மேல் பொருந்தி உட்காரும்படி உலோகம் புடைத்து வளைகிறது. இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு வேறொன்று.

பழைய இலைத் தகட்டையே வட்டமாக அறுத்துப் பதக்கமாக்கியிருக்கிறேன். கீறிய நரம்புகளில் இரண்டு பின்பக்கம் தெரியும், அதை அழிக்கவில்லை. நாலு நாளாக அணிந்து பார்க்கிறேன். சுற்றுகள் தளரவில்லை, வியர்வை படும் இடம் மட்டும் கருக்கிறது. சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரில் போட்டால் போய்விடுகிறது. பின்கழுத்துக் கொக்கிதான் பாக்கி. அதையும் கம்பி சுற்றியே செய்யப் போகிறேன். முதல் கொக்கி மிக இறுக்கம், இரண்டாவது தானாகக் கழன்றது. மூன்றாவதற்குக் கம்பி அறுத்து வைத்தாயிற்று.