‘ஈரச் சுவர்’ என்று எழுதிய பிழை

கானாடுகாத்தானை ஒட்டிய ஊர்களில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் மேற்பார்வையாளனாக இருக்கும் எனக்கு, ‘ஈர’ என்ற பெயரடையை அளந்து எழுதக் கற்றுக்கொடுத்தது என் பிழை ஒன்றுதான். ஒரு வீட்டின் இரண்டாங்கட்டுச் சுவர் தரையிலிருந்து இடுப்பளவு கறுத்திருந்தது. குறிப்பேட்டில் ‘ஈரச் சுவர், காய்ந்தபின் பூச வேண்டும்’ என்று எழுதி வைத்தேன். சித்திரை போய் வைகாசி வந்தும் சுவர் காயவில்லை. கொத்தனார் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, ஈரம்னா வெயிலுக்குக் காஞ்சிரும். இது ஓதம், அடியிலேருந்து ஏறுது” என்றார்.

கடலுக்கும் அலைக்கும் பெயரான ஓதம் என்ற சொல், மண்ணின் நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறி நிற்பதையும் குறிக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த நீரைக் காற்றில் விட்டுவிடும். முன்னொரு பழுதுபார்ப்பில் சுவரின் அடிப்பகுதிக்கு மட்டும் சிமென்ட் பூசி அந்த வழியை அடைத்திருந்தார்கள். அதனால் ஓதம் இன்னும் உயரே ஏறி, உப்புப் பூத்து, கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசிய பழைய பூச்சைப் பொரித்து உதிர்த்துக்கொண்டிருந்தது. நான் ‘ஈர’ என்று எழுதியதால் எல்லோரும் வெயிலுக்குக் காத்திருந்தோம். ‘ஓத’ என்று எழுதியிருந்தால் முதல் வாரமே அந்தச் சிமென்ட்டைக் கொத்தி எடுத்திருப்போம். இதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

புதுப்பூச்சின் நிலை இதற்கு நேர்மாறானது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகுவதற்கு ஈரம் வேண்டும் என்பதால், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு அது வேகமாகக் காயாமல் காக்கிறோம். மணலிலும் இந்த வேறுபாடு உண்டு. சிறிதளவு ஈரம் பட்ட மணல் உப்பிக் கொள்வதால், ஒரு சட்டியில் கால்பங்குவரைகூட மணல் குறைந்துவிடலாம். அதே மணல் நீரில் முழுக்க மூழ்கினால் பழைய அளவுக்கே இறங்கிவிடும். ஆகவே ஈர மணலும் நீரில் ஊறிய மணலும் கலவைக் கணக்கில் வேறு வேறு.

அந்த வீட்டு ஆச்சி நாள்தோறும் வெயில் ஏறும் நேரத்தில் வேலையாட்களுக்கு மோர் கொடுத்தனுப்புவார். “ஆச்சி ஈர மனசு உள்ளவக” என்பார் கொத்தனார். சுவருக்குச் சொன்ன அதே சொல்தான். வள்ளுவரிடமும் இந்த இரண்டு பொருளும் உண்டு. 1077ஆம் குறளின் ‘ஈர்ங்கை விதிரார் கயவர்’ என்பதில் உண்ட கையின் ஈரமும், 91ஆம் குறளின் ‘இன்சொலால் ஈரம் அளைஇ’ என்பதில் அன்பும் நிற்கின்றன. உண்ட ஈரக் கையைக்கூட உதறாதவரிடம் மனத்தின் ஈரம் இல்லை என்பதையும் அந்த 1077ஆம் குறள் சேர்த்தே சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம்.

இப்போதெல்லாம் குறிப்பேட்டில் ‘ஈர’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அந்த நீர் கூரையிலிருந்து இறங்கியதா, மண்ணிலிருந்து ஏறியதா, நாங்களே தெளித்ததா என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுகிறேன்.