எட்டாவது பைட்

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடும் எங்கள் பாக்கெட் ஃபில்டர், அதாவது வேண்டாத நெட்வொர்க் பாக்கெட்டுகளைத் தடுக்கும் கோட், நூறு வரிகூட வராது. வெளியிலிருந்து, சாதாரண புரோகிராம்கள் ஓடும் யூசர் ஸ்பேஸில் இருந்துகொண்டு அதை ஆட்டுவிக்கும் ஏஜென்ட் பல ஆயிரம் வரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பயமெல்லாம் அந்த நூறு வரி மேல்தான். கெர்னலில் தப்பு செய்தால் மெஷினே படுத்துவிடும் என்று நினைத்தேன். இப்போது ஒரு மாற்றம் ரிவ்யூவுக்கு வந்தால் முதலில் ஏஜென்ட் பக்கத்து ஃபைலைத்தான் திறக்கிறேன்.

ஃபில்டரின் வேலை எளிது. பாக்கெட் நெட்வொர்க் கார்டு டிரைவருக்கு வந்ததுமே, கெர்னல் அதற்கென்று சாக்கெட் பஃபர் என்ற நினைவக இடத்தை ஒதுக்குவதற்கு முன்பே, எக்ஸ்டிபி புரோகிராம் (டிரைவர் மட்டத்திலேயே ஓடும் எங்கள் ஃபில்டர்) அதைப் பார்த்துவிடும். அனுப்பியவரின் முகவரி, போர்ட், புரோட்டோகால் மூன்றையும் சேர்த்து ஒரு கீயாக்கி (தேடுவதற்கான அடையாளம்), ஒரு கீ ஒரே முறைதான் இருக்கக்கூடிய ஹேஷ் மேப் என்ற பட்டியலில் தேடும். கிடைத்தால் டிராப், இல்லையென்றால் பாஸ். யாரைத் தடுப்பது என்ற முடிவு அதற்குள் இல்லை. அதை எடுப்பது ஏஜென்ட். பிபிஎஃப் என்பது கெர்னலுக்குள் இப்படிச் சிறு புரோகிராம்களை ஓடவிடும் வசதி. லினக்ஸ் 3.18இல், 2014இல் வந்த பிபிஎஃப் சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) மூலமாக ஏஜென்ட் அதே மேப்பில் எழுதும், அழிக்கும். இரண்டு பக்கமும் சந்திக்கும் இடம் அந்த மேப்தான்.

ஒருநாள், தவறுதலாகத் தடுத்துவிட்ட ஒரு முகவரியை விடுவிக்க வேண்டியிருந்தது. டெலிட் கொடுத்தேன். அப்படி ஒரு கீயே இல்லை என்று எர்ரர் வந்தது. ஆனால் பாக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. டிராப் கவுன்ட்டர் என் கண்ணெதிரே ஏறியது.

பிபிஎஃப் மேப்புகளைப் பார்க்க உதவும் பிபிஎஃப்டூலில் மேப்பை முழுதாக டம்ப் செய்தேன். அதே முகவரி, அதே போர்ட், இரண்டு வரிகளில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனியர் திரையைப் பார்த்துவிட்டு, “ஹேஷ் மேப்புல ஒரே கீ எப்படிப்பா ரெண்டு தடவை இருக்கும்?” என்றார். இருக்க முடியாதுதான். இரண்டு வரிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து ஒவ்வொரு பைட்டாகப் படித்தோம். முகவரிக்கு 4 பைட், போர்ட்டுக்கு 2, புரோட்டோகாலுக்கு 1. ஏழாவது பைட் இரண்டிலும் 06, அதாவது டிசிபி. எட்டாவது பைட் ஒன்றில் 00, மற்றதில் 41.

கீயின் ஃபீல்டுகளை வரிசையாக அடுக்கிவைக்கும் எங்கள் ஸ்ட்ரக்ட்டில் எட்டாவது பைட்டுக்கென்று ஃபீல்டே கிடையாது. ஸ்ட்ரக்ட்டின் அளவை நான்கின் மடங்காக்க கம்பைலர் தானாகச் சேர்த்த பேடிங் அது. சி மொழியில் ஃபீல்டுகளுக்கு அடைப்புக்குறிக்குள் மதிப்புக் கொடுத்துவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும். பேடிங் பைட் பூஜ்யமாகும் என்று மொழி உறுதி தருவதில்லை. ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷன்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தில், முன்பு கிடந்த எதுவோ அங்கே தங்கிவிடும். ஹேஷ் மேப்புக்கு ஃபீல்டும் தெரியாது, பேடிங்கும் தெரியாது. 8 பைட்டும் பொருந்தினால்தான் அதற்கு அது அதே கீ.

கெர்னல் பக்கத்துக் கோடில் கீயை மெம்செட் செய்து பூஜ்யமாக்கும் ஒரு வரி முதலிலிருந்தே இருந்தது. யார் வைத்தார்கள் என்று ஹிஸ்டரியைத் தோண்டினேன். பிபிஎஃப் புரோகிராமை ஏற்றும் முன் சோதிப்பது வெரிஃபையர். அப்போது ஓடிய கெர்னலின் வெரிஃபையர், ஸ்டாக்கில் எழுதப்படாத பைட்டைப் படிக்கிறாய் என்று புரோகிராமை ஏற்றவே மறுத்திருக்கிறது. அதற்காகச் சேர்த்த வரி. அதே பிழை ஏஜென்ட்டில் இருந்தபோது மறுக்க ஆளில்லை. கொடுத்த 8 பைட்டை சிஸ்டம் கால் அப்படியே வாங்கிக்கொண்டது. கெர்னல் கோடை ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனாகச் சோதிக்கும் காவலாளி, அதற்கு உத்தரவு போடும் கோடை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இதை நான் அறிந்தே இருந்தேன். ஆனால் உறைத்தது அன்றைக்குத்தான்.

கவுன்ட்டரிலும் இதே கதை. ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனியாக எண்ணிக்கை வைக்கும் பெர் சிபியு மேப்பிலிருந்து ஒரு மதிப்பைப் படித்தால், சிஸ்டத்தில் இருக்கக்கூடிய அத்தனை சிபியுவுக்கும் ஒவ்வொரு மதிப்பை கெர்னல் எழுதித் தரும். நாங்கள் ஆன்லைனில் இருந்த சிபியுக்களை எண்ணி பஃபர் ஒதுக்கியிருந்தோம். சில மெஷின்களில் இரண்டு எண்ணும் ஒன்றல்ல. பஃபரைத் தாண்டி எழுதப்பட்டு ஏஜென்ட் வேறெங்கோ செத்தது. கண்டுபிடிக்க நாள் பிடித்தது, திருத்தம் ஒரே வரி.

பேடிங்குக்கு வருகிறேன். அந்த எட்டாவது பைட்டுக்கு ஒரு பெயர் கொடுத்து ஸ்ட்ரக்ட்டில் வெளிப்படையாக ஃபீல்டாக்கினோம். இரண்டு பக்கமும் ஒரே ஹெடர் ஃபைலை எடுக்கும்படி மாற்றி, ஸ்ட்ரக்ட்டின் அளவு 8 இல்லையென்றால் கம்பைலே ஆகாதபடி ஒரு சோதனையும் வைத்தோம்.

அதோடு முடியவில்லை. ஏஜென்ட் ரீஸ்டார்ட் ஆனாலும் தடுப்பு நீடிக்க வேண்டும் என்பதற்காக, மேப்பையும், புரோகிராமை நெட்வொர்க் கார்டோடு இணைத்துவைக்கும் லிங்க்கையும் பிபிஎஃப் ஃபைல் சிஸ்டத்தில் பின் செய்து வைத்திருந்தோம். அது நல்ல முடிவு, இன்றும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் பின் செய்த மேப்பில் குப்பை வரிகளும் பத்திரமாக இருந்தன. புது ஏஜென்ட் வந்து அதே மேப்பைத் திறந்தபோது அவையும் கூடவே வந்தன. எட்டாவது பைட் பூஜ்யமில்லாத கீகளைத் தேடி நீக்க, ஏஜென்ட் எழும்போதே ஓடும் ஒரு லூப் எழுதினேன். கீயை நீக்கிவிட்டு அதற்கு அடுத்த கீ எது என்று கேட்டால் கெர்னல் மறுபடி முதல் கீயிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் முழு மேப்பையும் ஒருமுறை நடந்து பட்டியல் எடுத்துக்கொண்டு, பிறகுதான் அழிக்கிறது.