பேய்க்குக் கால் வரைவது எப்படி

திரையில் வரும் பேய் மெய்ப்பேயா, பொய்ப்பேயா என்பதை எங்கள் ஆயா அதன் காலைப் பார்த்தே சொல்லிவிடுவார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், தண்டையார்பேட்டையில் ஏழு குடித்தனங்கள் சேர்ந்திருந்த வீட்டில், முன்போர்ஷன்காரரின் கலர் டிவிக்கு எதிரே நாங்கள் பிள்ளைகள் 'ஸ்கூபி டூ' கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வெற்றிலை இடித்தபடி அவ்வழியே வரும் ஆயா ஒரு கணம் நின்று, "இன்னாடா இது, பேய்க்கு ஷூ மாட்டி வுட்டுகீறான்? ஷூ போட்டா அது மன்சன்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அறியாத ஆயாவின் கணக்கு, முகமூடி கழலும் கடைசி நிமிடத்தில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அதே டிவியில், அதே ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தொடர் ஒன்றும் உண்டு. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு'தான் அது. கதை நடக்கும் தோட்டக்காரமங்கலம் கிராமத்தில் இரவில் குதிரைக் குளம்படி கேட்கும். யாரோ ஒருவருக்குத் தண்டனை விழப்போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். அந்தத் தொடர் வந்த நாட்களில் எங்கள் தெருவில் எனக்கென்று தனியாக ஒரு பயம் இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை நோக்கிப் போகும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளில், காலி ஐஸ் பெட்டிகள் பலகையில் மோதி எழுப்பும் தடதடப்பு, பாதித் தூக்கத்தில் எனக்குக் குளம்படியாகவே கேட்கும். ஆயாவின் புடவைக்குள் தலையை நுழைத்துக்கொள்வேன்.

இப்போது நான் இருபரிமாண அனிமேஷனில் வேலை பார்க்கிறேன். நடிகர்களை வைத்து எடுத்த திகில் தொடர்களைக் கார்ட்டூனாக்கும்போது பயம் ஏன் பெரும்பாலும் வழியில் எங்கேயோ தொலைந்துபோகிறது, சில இடங்களில் மட்டும் ஏன் தப்பிப் பிழைக்கிறது என்று சில ஆண்டுகளாகவே யோசித்து வருகிறேன். நான் வந்து நிற்கிற இடம் ஆயா பார்த்த அந்தக் கால்தான்.

எங்கள் துறையில் புதிதாகச் சேருபவருக்கு முதலில் கற்றுத்தருவது நடை. ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படங்கள். ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12 ஓவியங்கள். தரையில் பட்ட பாதம், உடல் அதைக் கடந்து முன்னே போய் எடை மறு காலுக்கு மாறும்வரை, ஒரு நூலளவும் நகரக்கூடாது. நகர்ந்தால் "கால் வழுக்குது" என்று லீட், அதாவது குழுவின் மூத்த கலைஞர், திருப்பி அனுப்பிவிடுவார். நான் சேர்ந்த புதிதில் ஒரு கிழவர் நடந்து வரும் காட்சியை ஒன்பது முறை திருத்தியிருக்கிறேன். எடையே இல்லாத வரைகோட்டுக்கு எடை இருப்பதாக நம்பவைப்பதற்குத்தான் எங்கள் உழைப்பில் பாதி போகிறது.

நடிகரை வைத்து எடுக்கும் திகிலில் நிலைமை இதற்கு நேர்மாறானது. நடிகருக்கு எடை ஏற்கெனவே இருக்கிறது. அவர் நின்றால் தரை தாங்குகிறது, நிழல் விழுகிறது. அப்படிப்பட்ட உடல் ஓரங்குலம் தரையை விட்டு எழும்பினால் போதும், பார்ப்பவரின் முதுகுத்தண்டு சில்லிடும். கார்ட்டூனில் பூனை மலையுச்சியிலிருந்து விழுந்து தட்டையாகி, மறுபடி எழுந்து ஓடுகிறது; அந்த உலகத்தில் ஓர் உருவம் மிதந்தால் யார் பயப்படுவார்கள்? ஆகவே, தொடரில் வந்த பேயை அப்படியே பிரதியெடுத்து வரைகிற கலைஞர், அந்தப் பேயின் ஒரே ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டுத்தான் அதை மேடையேற்றுகிறார்.

இதற்கு முதல் சான்று 'டேல்ஸ் ஃபிரம் தி கிரிப்ட்'. 1950களின் தொடக்கத்தில் ஈ.சி. நிறுவனம் வெளியிட்ட திகில் காமிக்ஸிலிருந்து பிறந்த இந்தத் தொடர், 1989 முதல் 1996 வரை 7 சீசன்களாக எச்.பி.ஓ.வில் வந்தது. கட்டணச் சேனல் என்பதால் ரத்தத்துக்கும் நிர்வாணத்துக்கும் தடை இருக்கவில்லை. அழுகிய பிணத்தின் முகத்தோடு, மட்டமான சிலேடைகளைச் சொல்லிக் கெக்கலிக்கும் கிரிப்ட்கீப்பர் என்ற பொம்மைதான் கதைசொல்லி. பல பேர் சேர்ந்து இயக்கிய அதன் தோல் ஈரமாகப் பளபளப்பதைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். பெரியவர்களுக்கான இந்தச் சரக்கை, 1993இல் கனடாவின் நெல்வானா நிறுவனம் 'டேல்ஸ் ஃபிரம் தி கிரிப்ட்கீப்பர்' என்ற பெயரில் ஏ.பி.சி.யின் சனிக்கிழமைக் காலைக் குழந்தைகள் நேரத்துக்குக் கொண்டுவந்தது. கதைநாயகர்கள் சிறுவர்களானார்கள், ஆணவக்காரச் சிறுவனை ஓர் அரக்கன் துரத்துவான், சிறுவன் திருந்துவான், சட்னியில் உப்புக்கூடக் குறையாமல் எல்லாரும் வீடு திரும்புவார்கள். 1999இல் சி.பி.எஸ்.ஸுக்கு மாறி வந்த மூன்றாம் சீசனில் இந்த உபதேசம் இன்னும் கூடிப்போனது.

ஆனால், இந்தக் கார்ட்டூனை முழுக்கத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. மூலக் காமிக்ஸில் கதைசொல்லிகள் மூவர், எச்.பி.ஓ. ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டது. மற்ற இருவரான வால்ட்கீப்பரையும் கிழட்டுச் சூனியக்காரியையும் போட்டியாளர்களாகத் திரும்ப அழைத்துவந்தது கார்ட்டூன்தான். இதைவிட முக்கியமானது குரல்: பொம்மைக்குக் குரல் கொடுத்த ஜான் காசிரே கார்ட்டூனுக்கும் கொடுத்தார். திரையை விட்டுக் கண்ணை எடுத்துவிட்டு அந்தச் சிரிப்பை மட்டும் கேட்டால், எச்.பி.ஓ. கிரிப்ட்கீப்பர் அப்படியே இருக்கிறார். உருவத்தில் போன பயம் குரலில் தங்கியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1996இல் எச்.பி.ஓ. தொடரின் கடைசி எபிசோடே கார்ட்டூனாகத்தான் வந்தது. மூன்று பன்றிக்குட்டிகளின் கதையை, குழந்தைகள் பார்க்கவே கூடாத அளவுக்கு ரத்தக்களரியாக எடுத்திருந்தார்கள். கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கானது என்ற எண்ணத்தைக் கேலி செய்ய அவர்களுக்கு வேறு நல்ல வழி கிடைத்திருக்காது.

'ஆடம்ஸ் ஃபேமிலி'யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சார்லஸ் ஆடம்ஸின் கேலிச்சித்திரங்களிலிருந்து 1964இல் தொடராகி, 1973இலும் 1992இலும் கார்ட்டூனானது. பயமுறுத்துவது அதன் நோக்கமே இல்லை என்பதால், கோட்டுக்குத் திரும்பியதில் அதற்கு நட்டமும் இல்லை. 1997இல் தொடங்கிய 'பஃபி தி வாம்பையர் ஸ்லேயர்' தொடருக்கும் ஒரு கார்ட்டூன் வடிவம் திட்டமிடப்பட்டது. சில நிமிட மாதிரிப் படத்தோடு அது நின்றுபோனது.

'சூப்பர்நேச்சுரல்' இன்னும் சிக்கலான கணக்கு. அண்ணன் தம்பி இருவர் பேய் வேட்டையாடும் கதையாக 2005இல் தொடங்கி 15 சீசன்கள் ஓடிய இந்த அமெரிக்கத் தொடரின் முதல் இரண்டு சீசன்களை, 2011இல் ஜப்பானின் மேட்ஹவுஸ் ஸ்டுடியோ 22 எபிசோடு அனிமேவாக, அதாவது ஜப்பானியக் கார்ட்டூனாக, எடுத்தது. ஓவியத்தின் தரத்தில் குறை சொல்ல முடியாது. தொடரில் இரவுச் சாலையும் காரின் உறுமலும் அண்ணன் தம்பியின் சின்னச் சண்டையுமாக நாற்பது நிமிடம் நிதானமாகக் கூடிவரும் கலக்கம், இங்கே ஏறக்குறையப் பாதி நேரத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. மிச்சமான இடத்தைப் பேய்களின் உருமாற்றமும் தீப்பிழம்பும் நிரப்பின. வரைய முடியும் என்பதாலேயே எல்லாவற்றையும் வரைந்து காட்டிவிட்டார்கள். தொடரில் இருட்டாக விடப்பட்ட மூலையில் நான் என் பயத்தை வைத்திருந்தேன். அனிமே அங்கே விளக்கைப் போட்டுவிட்டது.

அதே தொடர் 2018இல் வேறொன்று செய்தது. அண்ணன் தம்பி இருவரும் டிவிக்குள் இழுக்கப்பட்டு 'ஸ்கூபி டூ' கார்ட்டூனுக்குள் போய் விழுகிறார்கள். அங்கே இம்முறை வந்திருப்பது முகமூடி போட்ட மனிதனல்ல, உண்மையான ஆவி. கார்ட்டூன் கூட்டத்தில் ஒருவனான ஷேகியின் கை முறிகிறது. பேயே கிடையாது என்று அத்தனை ஆண்டுகளாக நிரூபித்து வந்த அந்தக் கூட்டம் நிலைகுலைந்துபோகிறது. நகைச்சுவை எபிசோடுதான்; ஆனாலும், வலியே இல்லாத உலகத்துக்குள் திடீரென்று எடையும் எலும்பும் நுழைந்த அந்த ஒரு கணத்தில் எனக்கு உள்ளே ஏதோ இறங்கியது. அதைப் பார்த்தபோது ஆயா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இந்தத் தடவை ஷூ கணக்கு தப்பிப்போயிருக்கும்.

நான் பார்த்தவற்றுள் கோட்டின் பலவீனத்தையே பலமாக்கிக்கொண்டது 'கிரீப்ஷோ'தான். இந்த அமெரிக்கத் திகில் தொடர் 2019இல் தொடங்கியது. கொரோனாவால் இரண்டாம் சீசன் தள்ளிப்போன 2020 அக்டோபரில், கிரெக் நிகோடெரோ இயக்கத்தில் ஒரு கார்ட்டூன் சிறப்பு எபிசோடு வந்தது. அதில் ஒரு பகுதி, ஸ்டீஃபன் கிங்கின் சிறுகதை. ஆளில்லாத தீவில் ஒதுங்கிய அறுவை மருத்துவன் ஒருவன், உண்ண ஏதுமின்றி, முறிந்துபோன தன் பாதத்தைத் தானே அறுத்து உண்ணத் தொடங்குகிறான். நடிகரை வைத்து இதைக் காட்டினால், நம் கண் உடனே ஒப்பனையைத் தேடத் தொடங்கும். ரப்பர் எங்கே ஒட்டியிருக்கிறது, நடிகரின் கால் எங்கே மறைந்திருக்கிறது என்று ஆராய்வதில் பயம் கழன்றுவிடும். இங்கே ஓவியங்கள் அதிகம் அசைவதே இல்லை. காமிக்ஸ் பக்கத்தைத் திருப்புவதைப் போல ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. நாட்குறிப்பை வாசிக்கும் கீஃபர் சதர்லேண்டின் குரல் மட்டும் நாளுக்கு நாள் சிதைந்துகொண்டே போகிறது. அசையாத ஓவியத்தை ஒரு வினாடிக்கு மேல் நிறுத்தினால் எங்கள் ஸ்டுடியோவில் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அன்று அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, சென்ற மாதம் வீட்டில் ஒரு சின்ன முயற்சியில் இறங்கினேன். விற்பதற்கோ வெளியிடுவதற்கோ அல்ல. 'விடாது கருப்பு' கார்ட்டூனாக வந்தால் அதன் முதல் 40 வினாடி எப்படி இருக்கும் என்று எனக்கே காட்டிக்கொள்வதற்காக. முதலில் வரைந்ததில் வெள்ளைக் குதிரை, பறக்கும் பிடரி, ஓங்கிய அரிவாள் எல்லாம் இருந்தன. நான்கு கால்களும் வழுக்காமல் தரையில் பதிவதற்கே இரண்டு வாரம் பிடித்தது. அக்கா மகளிடம் காட்டினேன். "குதிரை சூப்பரா கீது மாமா" என்றாள். அந்த மார்க்கை வாங்கிக்கொண்டு நான் என்ன செய்வது?

பிறகு குதிரையை மொத்தமாக அழித்துவிட்டேன். கதவு, தாழ்ப்பாள், அதற்குக் கீழே சந்து வழியாக விழும் தெருவிளக்கின் மஞ்சள் கோடு என ஒரே ஓவியம் மட்டும் எஞ்சியது. அதை 96 ஃபிரேம், அதாவது நான்கு முழு வினாடிகள், ஒரு கோடுகூட அசையாமல் நிறுத்தினேன். ஐந்தாவது வினாடியில் மஞ்சள் கோட்டின் குறுக்கே ஒரு நிழல் வந்து நிற்கும். அது காலா, குளம்பா என்று தெரியாது. நானும் முடிவு செய்யவில்லை. அக்கா மகள் இந்த முறை ஒன்றும் சொல்லாமல், எழுந்து போய் எங்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஓசைதான் இன்னும் அமையவில்லை. இரண்டு கொட்டாங்கச்சியைப் பலகையில் தட்டிப் பதிவு செய்தேன். பள்ளி நாடகத்தில் வரும் குதிரை போலக் கேட்கிறது. இணையத்தில் எடுத்த உண்மையான குளம்படியோ, குதிரைப் பந்தயத்தை நினைவூட்டுகிறது. எங்கள் பழைய தெருவில் மோட்டார் பொருத்திய மீன்பாடி வண்டிகள் இன்னும் சில ஓடுகின்றன என்று நண்பன் சொன்னான். மோட்டார் சத்தத்தைப் பிரித்து எடுத்துவிடலாம்; எனக்கு வேண்டியது காலி ஐஸ் பெட்டி பலகையில் மோதும் தடதடப்பு மட்டும்தான். வரும் ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு ரெக்கார்டரோடு தண்டையார்பேட்டை முனையில் போய் நிற்பதாக இருக்கிறேன். துணைக்கு வருகிறேன் என்று நண்பன் சொன்னபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.